கல்வெட்டா, வாய்மொழியா? மதுரை சௌராஷ்டிரர்களின் பூர்வீகம்

பட்டுநூல்காரர் என்று மதுரை அழைத்துவந்த சௌராஷ்டிரர்களின் பூர்வீகத்தைத் தேடுபவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கல்வெட்டு, இன்னொன்று வீட்டில் புழங்கும் பேச்சு.

மந்தசோர் கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றைய தெற்கு குஜராத்தான லாட நாட்டிலிருந்து தசபுரம் (மத்தியப் பிரதேசத்தின் இன்றைய மந்தசோர்) வந்த பட்டு நெசவாளர்கள் சூரியனுக்குக் கோயில் எழுப்பியதை அது சொல்கிறது. அவர்களில் சிலர் தறியை விட்டு வில்வித்தையும் சோதிடமும் கற்றார்களாம். அழகான சாட்சிதான். ஆனால், அவர்கள் தெற்கே வந்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள்தான் நம் முன்னோர் என்பது பின்னால் வந்தவர்கள் போட்ட முடிச்சு.

மொழியோ அந்த நெடும் பயணத்தையே சுமந்து நிற்கிறது. அடித்தளம் குஜராத்திக்கு நெருக்கமான இந்தோ-ஆரியம். அதன்மேல் மராத்தி, கன்னடம், தெலுங்கு, கடைசியாகத் தமிழ் என்று படிந்திருக்கிறது. பழைய கல்யாணங்களில் இரு வீட்டாரும் வினா-விடையாகத் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. என்ன, பேச்சில் தேதி கிடைக்காது. இருந்தும் நான் மொழியைத்தான் அதிகம் நம்புகிறேன்.

சரி, அடையாளம்? பிராமணர்களுக்குரியதாகக் கருதப்பட்ட, பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கைச் செய்ததற்காக இச்சமூகத்தார் கைதானபோது, ராணி மங்கம்மாள் அவர்களுக்கு அந்த உரிமை உண்டென்று தீர்ப்பளித்தார். அடையாளம் என்று வரும்போது மட்டும், பேச்சைவிட இப்படி எழுத்தில் நிற்கும் தீர்ப்புக்குத்தான் வலு அதிகம்.