தரவுத் தாரைக்கு நான்கு ஞாயிறுகள்: கொக்குவில் கணினி வகுப்பு

யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலில் நடைபெறும் ஒரு சிறிய கணினி வகுப்பில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தரவுத் தாரை என்ற ஒரேயொரு பாடத்தைப் படித்தேன். உயர்தர வகுப்பில் 'தொடர்ச்சியாக வரும் தரவு' என்று மனனம் செய்து எழுதிய அச்சொல்லின் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது.

ஆசிரியர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதிலிருந்து தொடங்கினார். வாய்க்கால் கரையில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் முன்னால் ஓடும் நீரே கிடைக்கும். கடந்துபோன நீரை மீட்கவும் முடியாது, இன்னும் எவ்வளவு வரும் என்று அறிந்திருக்கவும் தேவையில்லை. இயந்திரம் இறைக்கும் வேகத்துக்குப் பாத்தி ஈடுகொடுக்காதபோது இடையில் ஒரு தொட்டி வேண்டும், அதுவே பஃபர். லினக்ஸ் இயங்குதளத்தில் இரு நிரல்களை இணைக்கும் குழாய் வழமையாக 65,536 பைட்டுகளே கொள்ளும் என்பதையும், அது நிரம்பியதும் எழுதும் நிரல் தானாகக் காத்து நிற்பதையும் நாங்களே இயக்கிப் பார்த்தோம். நிரல்களைத் தோட்டக் குழாய்கள் போலப் பொருத்தலாம் என்று கணினி அறிஞர் டக்ளஸ் மக்கில்ராய் 1964இல் எழுதியதும், கென் தொம்சன் 1973இல் அதனைத் தாம் உருவாக்கிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தில் செயற்படுத்தியதும் சுருக்கமாகச் சொல்லப்பட்டன.

மூன்றாம் வகுப்புக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளைப் பிடிக்கும்; 'யாழ்' என்பது நமக்கு இரண்டு எழுத்தாயினும், கணினிக்கு 4 குறிகள், அதாவது 12 பைட்டுகள். இடைவெளியின்றி வரும் தமிழை 1024 பைட்டுகளாகத் துண்டுபோட்டு வாசித்தால் 341 குறிகள் போக ஒரு பைட்டு மிஞ்சும். 342ஆவது குறியின் மற்ற இரண்டு பைட்டுகளும் அடுத்த துண்டில்தான் வந்து சேரும். அவற்றைச் சேர்த்துவைக்காத நிரல் எழுத்தைச் சிதைத்துக் காட்டும். இணையத்தில் உடைந்த தமிழைக் காணும்போதெல்லாம் எழுத்துருவையே குறைசொல்லி வந்த எனக்கு, காரணம் வேறாகவும் இருக்கக்கூடும் என்பது அன்றுதான் தெரிந்தது.

குறைகளும் உண்டு. உள்ளீடு, வெளியீடு, பிழை என்னும் மூன்று நியமத் தாரைகளில் கடைசியானதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பிழைச் செய்தி ஏன் வெளியீட்டோடு கலக்கக்கூடாது என்பதை, கலந்து கெட்ட ஒரு கோப்பைக் காட்டியே விளக்கியிருக்க வேண்டும். மூவருக்கு ஒரு கணினி என்பதும் செய்முறைப் பாடத்துக்குப் போதாது. பைதன் நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறந்து வாசிக்கத் தெரிந்தவர்கள், இயன்றால் சொந்த மடிக்கணினியோடு, சேரலாம். அதுவும் தெரியாதவர்களுக்கு இரண்டாம் வாரமே கடினமாகிவிடும்.