வெள்ளவத்தை வீட்டில் சொந்த சிஏ: மூன்று வருட அனுபவம்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் 2023 ஜனவரியிலிருந்து சொந்தமாக ஒரு சிஏ, அதாவது ஒரு தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களை வழங்கும் சேர்வர், ஓடிக்கொண்டிருக்கிறது. ராஸ்பெரி பை 4 என்ற ஒரு சின்னக் கணினி, அதில் ஸ்டெப்-சிஏ என்ற மென்பொருள். குடும்பப் படங்கள் இருக்கும் சேர்வர், கமரா, ரவுட்டர் பக்கம் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் அங்கிருந்துதான். அதற்கு முன்பு, பிரவுசர் காட்டும் எச்சரிக்கையை வாசிக்காமலே தட்டிவிட வீட்டில் எல்லோரும் பழகியிருந்தார்கள். அதே கையால் வங்கித் தளத்திலும் தட்டிவிடுவார்களே என்ற பயத்தில்தான் தொடங்கினேன்.

நிறுவ ஒரு மாலை போதும். ஏசிஎம்இ என்ற தானியங்கி முறை வழியாக, வீட்டுத் தளங்களுக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸி தானே சான்றிதழ் எடுத்துத் தானே புதுப்பிக்கும்.

பாடு எல்லாம் போன்களில்தான். ஐபோனில் ரூட்டை, அதாவது சிஏவின் தலைமைச் சான்றிதழை, புரொஃபைலாக நிறுவியதோடு முடியாது. செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று உள்ளே போய் முழு நம்பிக்கையைத் தனியே இயக்க வேண்டும். அன்ட்ரொய்ட் 7 முதல், நாம் சேர்க்கும் ரூட்டைக் குரோம் ஏற்றாலும் மற்றச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை; எழுதியவர் அனுமதித்திருக்க வேண்டும். இதற்கு மேல், வலையமைப்பு கண்காணிக்கப்படலாம் என்று ஓர் அறிவிப்பும் வரும். அம்மா போனை நீட்டி, "தம்பி, ஆரோ எங்கட கதையைக் கேட்கினமோ?" என்றார்.

நியாயமான கேள்வி. ரூட் சாவி, அதாவது சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் இரகசியக் கோப்பு, களவு போனால் எந்தத் தளத்தின் பெயரிலும் அம்மாவின் போனை ஏமாற்றலாம். அன்று இரவே ரூட்டைப் புதிதாக உருவாக்கினேன். ஹோம்.ஆர்பா என்று முடியும் வீட்டு வலையமைப்புப் பெயர்களுக்கு மட்டும் செல்லும்படி பெயர்க் கட்டுப்பாடு போட்டு, சாவியை யூஎஸ்பிக்கு மாற்றி, அலுமாரியில் காணி உறுதியோடு வைத்தேன். சேர்வரில் இருப்பது, ரூட்டின் கையெழுத்தோடு அன்றாடச் சான்றிதழ்களைக் கொடுக்கும் இடைநிலைச் சாவி மட்டும். எல்லாருடைய போனையும் மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் இதை முதல் நாளே செய்யுங்கள்.

பெரிய சறுக்கல் நேரத்தால் வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய் நான்கு நாள் கழித்து வந்தால், பிரேக்கர் விழுந்து வீடு இருட்டு. மேலே தூக்கினேன், எல்லாம் எழும்பியது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பை 4இல் பற்றரியுள்ள கடிகாரம் கிடையாது. கரண்ட் போன நேரத்திலிருந்தே தொடர்ந்து எண்ணுகிறது. ஃபைபர் இணைப்பு வந்து நேரம் திருந்துவதற்குள் சிஏ முந்திக்கொண்டு சான்றிதழ் கொடுத்துவிட்டது. இயல்பான ஆயுள் 24 மணித்தியாலம் என்பதால், கொடுக்கும்போதே அவை காலாவதியானவை. இரவு ஒரு மணி வரை ப்ராக்ஸியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நேரத்தைக் காட்டும் 'டேட்' கட்டளையை அடித்தபோதுதான் விளங்கியது.

அப்புறம் புறக்கோட்டையில் ஒரு டிஎஸ்3231 கடிகாரத் தகடு வாங்கிப் பொருத்தினேன். நேரம் ஒத்திசைந்த பிறகே சிஏ தொடங்கும்படி, சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியில் மாற்றி, ஆயுளை 7 நாளாக்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்தும் பிரச்சினை இல்லை.

சொந்த டொமைன் இருந்து, வீட்டுக்கு வந்துபோவோரின் போன்களும் சேர வேண்டுமென்றால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசப் பொதுச் சிஏவும், டொமைன் நம்முடையதுதான் என்று காட்டும் டிஎன்எஸ் சரிபார்ப்பும்தான் சுகம். ஒரு போனிலும் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் அப்படி எடுக்கும் ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேடுகளில் ஏறும். படுக்கையறைக் கமராவின் பெயர் அங்கே கிடப்பதை நான் விரும்பவில்லை, அதனால் மாறவில்லை.