மாட்டுக் கொட்டிலுக்கு ரப்பர் விரிப்பு: இரண்டு மாரி பாவித்த பின்

ஒட்டுசுட்டானில் மூன்று கறவைப் பசுக்களை வளர்க்கும் நான், வவுனியா நகரிலுள்ள விவசாயப் பொருட்கடையொன்றில் வாங்கிய ரப்பர் விரிப்புகளை இரண்டு மாரிகள் பாவித்துவிட்டேன். ஆறரை அடி நீளமும் நாலடி அகலமும் 17 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட ஒவ்வொன்றும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். மூன்றுக்கும் கொடுத்த பணத்தில் நல்லதொரு பசுக்கன்று வாங்கியிருக்கலாம். ஆனால் 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்து இறந்ததைக் கண்ட பின், ஈரத் தரையில் மாட்டைப் படுக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

விரிப்புப் போட்ட முதல் இரவு, மூத்த பசு முன்னங்காலால் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு வெகுநேரம் நின்றபடியே இருந்தது. விடியப் பால் கறக்கப் போனபோது அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. சீமெந்தில் உரசி மயிர் உதிர்ந்திருந்த முழங்கால்களில், தை பிறப்பதற்குள் மயிர் முளைத்துவிட்டது. எழும்பும்போது வழுக்குவதும் நின்றது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

கழுவத் தேவையில்லை என்று கடையில் சொன்னது மட்டும் சரியல்ல. அடிப்புறத்தில் வரிப்பள்ளங்கள் இருந்தாலும், தரை சரிவாக இல்லாவிட்டால் அவை சாணியால் அடைபட்டுச் சிறுநீர் தேங்கி, மூன்றாம் நாளே கண் எரியும் நெடி கிளம்பும். என் கொட்டிலின் நடுவிடம் தாழ்ந்திருந்ததால் முதல் மாரியில் கிழமைக்கு இருமுறை விரிப்புகளைப் புரட்டிக் கழுவினேன். அப்படியும் ஒரு பசுவுக்கு மடி வீங்கி, மருந்தேற்றிய நாட்களின் பாலை நிலத்தில் ஊற்ற நேர்ந்தது. பத்தடிக்கு மூன்று அங்குலம் சரியும்படி தரையை மீண்டும் பூசிய பிறகே நெடி அடங்கியது.

கொட்டிலுக்கு வெளியே கிடக்கும் சேற்றுக்கு விரிப்பால் ஒன்றும் செய்ய முடியாது. நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் மாட்டின் குளம்பிடை ஊறி வெடித்து, அதன்வழி கிருமி புகுந்து புண்ணாகிவிட்டால், எந்த மெத்தையில் கட்டினாலும் அது நொண்டத்தான் செய்யும். ஆகவே இரண்டாம் மாரிக்கு முன், ஆவணியிலேயே, வாசல் மண்ணை ஓரடி ஆழம் வெட்டியெடுத்து, உடைகல்லும் மேலே கிறவலும் பரப்பி இறுக்கி, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து வேறு பக்கம் திருப்பினேன். காலபோக விதைப்போடு வயல்கள் அடைபட்டு, மாடுகளை அவிழ்த்துவிட இடமில்லாமற் போகும் அந்த மாதங்களில், வளவின் பின்புறப் புல்தரைக்குள்ளும் அவற்றை நான் விடுவதில்லை. நனைந்த தரையை மிதித்தால் மண் இறுகி, மழை விட்ட பின்னும் புல் துளிர்க்காது. கிறவற் தரையில் கட்டி, கோ-3 புல்லையும் வைக்கலையும் அறுத்துப் போடுகிறேன்.

இப்போது ஒரு விரிப்பின் ஓரம் சுருளத் தொடங்கியிருக்கிறது. மற்ற இரண்டிலும் தேய்வில்லை. சினைப்பட்டிருக்கும் நாகுக்காக நான்காவதொன்று வாங்கவிருக்கிறேன். அதன் இடத்துக்கு வேண்டிய சரிவை ஏற்கெனவே பூசியாயிற்று.