ஸ்டீக் உணவகத்தின் ஒயின் பட்டியல்: ஆறு ஆண்டுப் பழக்கம்

மாதம் ஒரு முறையாவது நானும் மனைவியும் அதே ஸ்டீக் உணவகத்துக்குப் போகிறோம். இது ஆறாவது ஆண்டு. இறைச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச வேண்டியது ஒயினைப் பற்றித்தான்.

ஒயின் பட்டியல் தோல் அட்டை போட்டு, அகராதிக் கனத்தில் இருக்கும். முதல் ஓராண்டு அந்தக் கனத்தைப் பார்த்தே மயங்கிக் கிடந்தேன். பிறகு ஒருநாள் பொறுமையாக எண்ணினேன். சிவப்பு ஒயின்களில் ஏறக்குறைய பாதி கேபர்நே சாவினியோன் என்ற துவர்ப்பு மிகுந்த திராட்சையில் செய்தவை! ஸ்டீக்குக்கு அது பொருந்தாது என்று சொல்லவில்லை. இளம் கேபர்நேயின் துவர்ப்பு உமிழ்நீரின் புரதத்தோடு சேர்ந்து நாக்கை வறட்டிவிடும். கொழுப்பு ஊடோடிய ரிப்ஐ (விலாப் பகுதி இறைச்சி) துண்டு ஒன்றை மென்றுவிட்டுக் குடித்தால் அதே ஒயின் மெத்தென்று இறங்கும். ஆனால் முதுகெலும்பை ஒட்டிய மென்தசையான டெண்டர்லாயினில் கொழுப்பு குறைவு. அதோடு குடித்தால் இறைச்சியின் சுவை அமுங்கி, துவர்ப்புதான் மிஞ்சுகிறது. என் மனைவி கேட்பது எப்போதும் டெண்டர்லாயின். அதற்கு இதமான, துவர்ப்பு குறைந்த பினோ நுவார் திராட்சை ஒயின்கள் அத்தனை பக்கங்களிலும் மூன்றே மூன்று.

எங்களைக் காப்பாற்றியது மல்பெக். பிரான்ஸின் காஓர் பகுதியில் வேரூன்றிய இந்தத் திராட்சை 1853 வாக்கில் அர்ஜென்டினாவுக்குப் போனது. இரண்டு ஊர் மல்பெக்கும் இங்கே கிடைக்கின்றன. காஓர் புட்டி கொஞ்சம் முரடு; அர்ஜென்டினாவின் மெண்டோசா புட்டியில் பழச்சுவை தூக்கல், துவர்ப்பு மிருது. இருவர் தட்டுக்கும் ஒரே புட்டி என்றால் எங்கள் கை மெண்டோசா பக்கம்தான் போகும்.

கோப்பைக் கணக்கில் தரும் ஒயின்களிடம் எச்சரிக்கை தேவை. 750 மில்லி புட்டியில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வரும். கூட்டமில்லாத நாளில் இரண்டு கோப்பை விற்று மீதி அப்படியே நிற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த கோப்பையில் வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடை. அன்றிலிருந்து "இதை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டுவிடுகிறேன். பரிமாறுபவர் ஒரு கணம் தயங்கினாலே போதும், பதில் தெரிந்துவிடும்.

அடுத்தது சூடு. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது பழைய பேச்சு. அது எந்த அறை என்று யாரும் கேட்பதில்லை. 16 முதல் 18 டிகிரி போதும். இங்கே புட்டிகளை அடுக்கியிருக்கும் அலமாரியோ கிரில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில். ஒயின் வெதுவெதுப்பாக வந்து சாராய நெடி மூக்கில் ஏறும். பனிக்கட்டி வாளி கேட்டபோது, மோரில் சர்க்கரை கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பத்து நிமிடம் வாளியில் வைத்ததும் அதே ஒயின் ஆளே மாறிவிட்டது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை பரோலோ என்ற நல்ல இத்தாலியச் சிவப்பு ஒயின் ஒன்று கார்க் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி வாசத்தோடு வந்தது. ஒயின் பொறுப்பாளர் முகர்ந்து பார்த்தார். மறுபேச்சில்லாமல் வேறு புட்டி திறந்தார். அந்தக் கண்ணியத்துக்காகவே பல குறைகளைப் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் புதிய பட்டியல் வந்திருந்தது. கேபர்நே இரண்டு பக்கம் கூடியிருக்கிறது. பினோ நுவார் அதே மூன்று. அதில் ஒன்றின் எதிரே பென்சிலால் "இருப்பு இல்லை" என்று எழுதியிருந்தார்கள்.