டர்போ போனால்: மலிவு டர்போவா, கோர் மாற்றமா, கம்பெனி சாமானா?

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய், தென்காசி பக்கத்துப் புளியரை எஸ் வளைவு மேட்டில் லோடு வண்டி திணறி, பின்னால் நீலப்புகை தள்ளினால் பட்டறையில் மூன்று விலை சொல்வார்கள். ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத முழு டர்போ ஒன்று. பழைய ஹவுசிங்கை, அதாவது வெளிக்கூட்டை, வைத்துக்கொண்டு உள்ளே சுற்றும் பாகமான கோரை மட்டும் மாற்றுவது இன்னொன்று. மூன்றாவது கம்பெனி டர்போ. முதலாவதன் விலை பெரும்பாலும் மூன்றாவதில் பாதிகூட வராது. அந்தப் பாதிக் காசு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்ற குழப்பம் குறையும்.

டீசல் பிக்கப்பில் இருக்கும் சின்ன டர்போ முழு லோடில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும். ஷாஃப்ட் அப்போது ஆயில் படலத்தில் மிதந்துகொண்டே சுற்றுகிறது. ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள இறக்கைச் சக்கரத்தில் ஒரு பக்கம் இம்மி எடை கூடினாலும் அந்தப் படலம் கிழிந்து ஷாஃப்ட் பேரிங்கை உரசும். அதனால்தான் நல்ல கோரை அதிவேக மெஷினில் சுற்றவிட்டு பாலன்ஸ் செய்து, அந்த அறிக்கையையும் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறார்கள். மலிவு டர்போவில் முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரத்தின் நடு நட்டைப் பாருங்கள். சக்கரத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். பாலன்ஸுக்காகச் சீவிய தடம் எங்குமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆயில் இல்லாத புது டர்போவில் மேலும் கீழும் லேசான ஆட்டம் இருக்கும், அது குறையில்லை. முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் கைக்கு எதுவும் தெரியக் கூடாது. டயல் கேஜ் வைத்தால் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வண்டியில் மாட்டாமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மலிவு டர்போவின் மற்ற கோளாறுகள் மாட்டிய பிறகே தெரியும். காற்றழுத்தம் மிஞ்சாமல் புகையைத் திசைதிருப்பும் வேஸ்ட்கேட் கதவை ஆக்சுவேட்டர் திறக்கும் அழுத்தம் கம்பெனி அளவுக்குச் சரியாக இருக்காது. சீக்கிரம் திறந்தால் காற்று போதாமல் கரும்புகை வரும். தாமதமாகத் திறந்தால் அழுத்தம் ஏறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதன் சக்தியைக் குறைத்துவிடும், மேட்டில் இழுவை இருக்காது. மட்டமான வார்ப்பில் செய்த எக்ஸாஸ்ட் ஹவுசிங் சூட்டில் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும்.

கோர் மாற்றத்தில் வண்டியோடு வந்த ஹவுசிங்கும் ஆக்சுவேட்டரும் அப்படியே இருப்பதால் இந்தத் தொல்லைகள் குறைவு. செலவும் நடுத்தரம்தான். ஆனால் ஹவுசிங்கின் உள்சுவரில் சக்கரம் உரசிய கோடு இருக்கக் கூடாது. வேஸ்ட்கேட் உட்காரும் இடத்தில் வெடிப்பும் இருக்கக் கூடாது. கழற்றும் முன் இரண்டு ஹவுசிங்கும் எந்தக் கோணத்தில் இருந்தன என்று குறி போட்டுக்கொள்ள வேண்டும். டர்போத் தகட்டில் உள்ள நம்பரைக் கொடுத்தே கோர் கேளுங்கள். வண்டி மாடலை மட்டும் சொன்னால் தப்பான கோர் வந்துவிடும். உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும் விஜிடி டர்போவாக இருந்தால், அந்த அசைவுக்கு எல்லை வைக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை யாரும் தொடக் கூடாது. அதைக் காற்றோட்டம் அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் வைத்துத்தான் செட் செய்ய முடியும், காதால் கேட்டுத் திருகுவதெல்லாம் சரிப்படாது. அந்த வசதி பட்டறையில் இல்லையென்றால் டர்போவை முழுசாகக் கழற்றி, வசதியுள்ள டர்போ கடைக்கு அனுப்புவது நல்லது. வண்டி இரண்டு நாள் கூடுதலாக நின்றாலும் பரவாயில்லை.

ஹவுசிங் வெடித்துவிட்டது, அல்லது சக்கரம் உடைந்து துண்டு உள்ளே போய்விட்டது என்றால் கம்பெனி டர்போ ஒன்றுதான் வழி. வாரன்டியில் இருக்கும் வண்டிக்கும் அதேதான்.

எதை வாங்கினாலும் பழையது ஏன் செத்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டக் கூடாது. நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது தூசி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலும் ஜல்லி குவாரி ரோட்டிலும் ஆடிக் காற்றோடு ஓடும் வண்டிக்கு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஓஸில் ஒரு கீறல் விழுந்தாலே போதும். கம்ப்ரஸர் இறக்கையின் விளிம்பு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மெலிந்திருந்தால் காரணம் இதுதான். பேரிங் கறுத்துக் கருகியிருந்தால் ஆயில் போகவில்லை என்று பொருள். ஆயில் வரும் பைப்புக்குள் கரி கட்டியிருக்கும். அதைக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டாம்; பைப்பு, அதை இணைக்கும் துளை போட்ட பேன்ஜோ போல்ட், செம்பு வாஷர் எல்லாம் புதிது போடுங்கள். ஆயில் வரும் வழியில் சிலிக்கான் பேஸ்ட் தடவவே கூடாது, பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும் வழியை அடைக்க.

மாட்டும்போது ஆயிலும் ஃபில்டரும் புதிது. எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்பும் பைப்பு மடங்காமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கழுவிய டீசல் மிச்சமிருந்தால் எஞ்சின் அதையும் இழுத்துக்கொள்ளும். ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டீசல் போகாமல் நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுற்றி, ஓய்வு கொடுத்து, ஆயில் லைட் அணையும்வரை மறுபடி மறுபடி சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது.

மலிவு டர்போவில் எனக்கு உண்மையான பயம் ஒன்று உண்டு. சீல் போய் ஆயில், எஞ்சின் காற்று இழுக்கும் வழியான இன்டேக்குக்குள் இறங்கினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்க வேண்டும். இன்டேக் வாயைக் கையால் மூடப் போகாதீர்கள்.

டர்போவே இல்லாத பெட்ரோல் காருக்கு ஆன்லைனில் விற்கும் முழுக் கிட் வேண்டவே வேண்டாம். டர்போ, மேனிஃபோல்ட், இன்டர்கூலர், குழாய் எல்லாம் பெட்டியில் இருக்கும். பெரிய இன்ஜெக்டரும் ஈசியூ டியூனிங்கும் பெரும்பாலும் இருக்காது. 10:1, 11:1 கம்ப்ரஷனில் ஓடும் எஞ்சினுக்குள் அரை பார் காற்றைக் கூடுதலாகத் திணித்து, அதற்கேற்ற பெட்ரோல் கொடுக்காவிட்டால் சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நாக்கிங் வந்து, பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழும் சிக்கல் வரும். சொல்லாமல் மாற்றியதைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் கிளைமை மறுக்கலாம்.

கோர் மாற்றிய வண்டியை நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எஞ்சின் ஆறியதும் டர்போ ஓஸைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கவலையில்லை. வழிகிற அளவுக்கு இருந்தால் முதலில் ஆயில் திரும்பும் பைப்பையும் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதரையும் பாருங்கள், கோரைக் குறை சொல்வது அதற்கப்புறம்.