நிதிக் கணித முதுநிலைப் படிப்பு: முடித்துப் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு

அக்கா மகள் சென்னையில் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "சித்தி, நீங்கள் படித்ததையே நானும் படிக்கட்டுமா?" என்று போன மாதம் கேட்டாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிதிக் கணித (நிதிச் சந்தைகளின் விலைகளையும் இடர்களையும் கணிதத்தால் கணக்கிடும்) முதுநிலைப் படிப்பில் சேர்ந்து, 2014 டிசம்பரில் முடித்தேன். அன்றிலிருந்து வங்கி வேலைதான். அவளுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் தரவரிசையையும் பாடப் பட்டியலின் நீளத்தையும் பார்த்துத்தான் சேர்ந்தேன். அப்பா வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து 42 லட்ச ரூபாய் கல்விக் கடன் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, படிப்பின் நடுவே ஒரு கோடை விடுமுறை வருகிறதா என்பது.

ஏனென்றால் பெரிய வங்கிகள் கோடைக்காலப் பயிற்சிப் பணிக்கு வந்தவர்களிலிருந்தே பெரும்பாலும் ஆள் எடுக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய படிப்பு பதினாறு மாதம். நடுவில் கோடை வந்துவிடும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் படிப்பு ஒரே ஆண்டுதான் என்றாலும் வசந்தத்தில் தொடங்கி, இலையுதிர் காலத்தில் பயிற்சிப் பணிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். இடைவெளியே இல்லாத ஓராண்டுப் படிப்பு மலிவாகத் தெரியும். ஆனால் வேலை தேடும்போது காட்டுவதற்குக் கையில் அனுபவம் எதுவும் இருக்காது. என் படிப்பில் கோடை இருந்தது தற்செயல். எனக்கு வேலை கிடைத்தது அந்தக் கோடையில் செய்த பத்து வாரப் பயிற்சிப் பணியால்தான்.

அந்தப் பத்து வாரத்துக்கான நேர்காணல்களோ, விமானம் இறங்கிய ஒரு மாதத்திலேயே தொடங்கிவிட்டன. முதல் நேர்காணல் தொலைபேசியில் நடந்தது. கேட்டது இது: நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம். அடுத்தடுத்து இரண்டு தலை விழ சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலையும் அதையடுத்துப் பூவும் விழ எத்தனை முறை? இரண்டுக்கும் நான்கு என்றேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக, "இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்" என்றார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. முதல் கேள்விக்கு விடை ஆறு. ஒரு தலை விழுந்தபின் பூ விழுந்தால் சேர்த்ததெல்லாம் போய், மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். இரண்டாவதில் அந்த இழப்பு இல்லை. இன்னொரு தலை விழுந்தாலும் பூவுக்காகக் காத்திருக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்த நிகழ்தகவு, ஊரிலிருந்து புறப்படும்போதே கைவசம் இருந்திருக்க வேண்டியது. சேர்வதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் கையால் போட்டுப் பழகுங்கள். நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது விசா. அமெரிக்க அரசின் பட்டியலில் பட்டம் எந்த வகைப்பாட்டில் வருகிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் பட்டம் கணிதத்தின் கீழ் வந்ததால், படித்தபின் வேலை செய்ய அப்போதைய விதிப்படி 12 மாதத்தோடு இன்னும் 17 மாதம் கிடைத்தது. 2016இல் அந்தக் கூடுதல் காலத்தை 24 மாதமாக்கினார்கள். அறைத்தோழி படித்தது வணிகப் பள்ளியின் நிதியியல் பட்டம். அவளுக்கு 12 மாதம் மட்டுமே. அதற்குப் பிறகும் அங்கே வேலை செய்ய எச்-1பி என்ற பணி விசா வேண்டும். 2015இல் அதன் 85,000 இடங்களுக்கு ஏறத்தாழ 2,33,000 விண்ணப்பங்கள் வந்தன. குலுக்கலில் இருவர் பெயரும் விழவில்லை. எனக்கு அடுத்த ஆண்டு இன்னொரு வாய்ப்பு இருந்தது, விழுந்தது. அவள் இரண்டு பெட்டிகளோடு ஊர் திரும்பினாள். என்னைவிட நன்றாகப் படித்தவள். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

படித்ததில் என்ன மிஞ்சியது? எக்செல் மேக்ரோ எழுதிய பாடம் இரண்டே ஆண்டில் பழசாகிவிட்டது. பைத்தானை வேலையில்தான் கற்றேன். நின்றது கணிதம். ஒருவர் கட்டிய விலை மாதிரியை, அதாவது விலையைக் கணக்கிடும் கணித வாய்பாட்டை, அவரைச் சாராத இன்னொருவர் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகு, வங்கிகளில் அந்தச் சோதனை வேலை பெருகியது. என் வேலையும் அதுதான். வங்கிகள் டாலர் கடன்களுக்கு அளவுகோலாக வைத்திருந்த லைபார் வட்டி விகிதம் 2023 ஜூனில் முடிவுக்கு வந்தபோது, அதை நம்பி நின்ற மாதிரிகளை எல்லாம் அதன் இடத்துக்கு வந்த சோஃபர் விகிதத்துக்கு மாற்றிச் சோதித்தோம். அப்போது மேசையில் விரித்து வைத்திருந்தது, இரண்டாம் பருவத்தில் வட்டி விகித மாதிரிகளை வரி வரியாக எழுதி வருவித்த என் பழைய நோட்டு. அந்தப் பாடத்தை நடத்திய பேராசிரியருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளத்தை நம்பிவிடாதீர்கள். எத்தனை பேர் பதில் சொன்னதில் வந்த சராசரி, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன பதவியில் என்று பாருங்கள். கட்டணத்தையும் தரத்தையும் ஒன்றாக நினைக்கவும் வேண்டாம். நியூயார்க்கின் பரூக் கல்லூரி கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரிதான். ஆனால் தரவரிசைகளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோடு முன்வரிசையில் நிற்கிறது. ஆராய்ச்சி செய்து சந்தையில் வாங்கி விற்கும் உத்திகளை உருவாக்குவதுதான் ஆசை என்றால், முதுநிலையோடு நிற்காமல் முனைவர் பட்டத்தை யோசிப்பது நல்லது.

கடனை அடைக்க எனக்கு ஆறு ஆண்டு ஆனது. அதனால் அக்கா மகளிடம், கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.ஸ்டாட். (புள்ளியியல் முதுநிலை) நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்க்கச் சொன்னேன். அங்கே உதவித்தொகையோடு படிக்கலாம். மும்பையிலும் பெங்களூருவிலும் உலக வங்கிகளின் மாதிரிக் குழுக்கள் இப்போது பெரிதாக இருக்கின்றன. என்னோடு தினமும் பேசும் சகாக்களில் பாதிப் பேர் அங்கேதான்.

கூடவே அந்த நாணயக் கேள்வியையும் அனுப்பினேன். இரவு பதினொன்றரைக்கு ஒரு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று சமன்பாடுகள், நிறைய அடித்தல் திருத்தல், அடியில் ஒரு வரி: "முதலாவது ஆறு சித்தி, இரண்டாவது நான்கு. ஏனென்று காலையில் சொல்கிறேன்."