கொக்கு ஆடிய கதை: ஜாவாஎஃப்எக்ஸுடன் ஏழு வருடம்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் பேசுவதெல்லாம் கிரியோல். ரூபாய் நோட்டில் தமிழைப் பார்த்திருப்பார்கள், வாசிக்கத்தான் வராது. அவர்களுக்காக ஜாவாஎஃப்எக்ஸில் (ஜாவா நிரல்மொழியில் திரையும் அசைவும் அமைக்க உதவும் கருவித்தொகுப்பு) எழுதிய எழுத்துப் பயிற்சி மென்பொருள்தான் இத்தனை வருடமாக வகுப்பில் ஓடுகிறது. கம்ப்யூட்டர்கள் யாரோ கொடுத்த பழசு.

அந்தப் பழசில்தான் பாடம் கற்றேன். முதலில் எழுத்து அட்டையின் அகலத்தை டைம்லைன் (நேரப்படி மதிப்பை மாற்றி அசைவு காட்டும் வசதி) வைத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அட்டை திக்கித் திக்கி விரிந்தது. அகலம் மாறினால் பக்கத்தில் இருப்பவை எல்லாம் எங்கே உட்காருவது என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். நொடிக்கு 60 தடவை. டிரான்ஸ்லேட் (நகர்த்துவது), ஸ்கேல் (பெரிதாக்குவது, சிறிதாக்குவது) இரண்டுக்கும் அந்தக் கணக்கே கிடையாது, வரையும் இடமும் அளவும்தான் மாறும். மாற்றியதும் அதே மெஷினில் அட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. நிழல் எஃபெக்டையும் தூக்கிவிட்டேன். கிராபிக்ஸ் கார்டு ஒத்துழைக்காத மெஷினில் படம் முழுக்க சிபியு தலையில்தான் விழும்.

அடுத்து வந்ததுதான் உண்மையான தலைவலி. 'கொக்கு' எழுத்து எழுத்தாகத் தோன்ற வேண்டும். சொல்லை, கம்ப்யூட்டர் அதைச் சேமித்து வைக்கும் ஒவ்வொரு குறியாக (கேரக்டர்) நீட்டினேன். முதலில் 'க' வந்தது. அடுத்த நொடி ஒற்றைக்கொம்பு முன்னால் குதிக்க, 'க' வலப்பக்கம் நகர்ந்தது. "மிஸ், சா லெத்-லா பே தான்சே!" என்று ஒரு சிறுமி கத்தினாள். எழுத்து ஆடுகிறதாம்! ஒவ்வொன்றையும் தனித்தனி டெக்ஸ்டாகப் பிரித்தால் இன்னும் மோசம்: துணை எழுத்துக்குறி, சேர எழுத்து இல்லாததால் புள்ளிகளாலான வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றது. குற்றம் ஜாவாஎஃப்எக்ஸ்மேல் இல்லை. 8ஆம் பதிப்பிலிருந்தே தமிழை முழுதாகக் கொடுத்தால் ஒழுங்காகக் காட்டும். வெட்டியது நான். ஜாவா 9 முதல் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) பின்சாய்கோடு எக்ஸ் (\X) போட்டு வெட்டினால் 'கொ', 'க்', 'கு' என்று மூன்றாக, முழுசாக வருகிறது.

2018இல் ஜாவா 11 வந்தபோது ஜாவாஎஃப்எக்ஸ் ஜாவாவோடு சேர்ந்து வராமல் தனிக்குடித்தனம் போனது. நேற்றுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த என் நிரல், ரன்டைம் பாகங்கள் (ஓடுவதற்கு வேண்டிய ஜாவாஎஃப்எக்ஸ் கோப்புகள்) இல்லை என்று சொல்லி நின்றது. இப்போது ஜேபேக்கேஜ் என்ற ஜாவா கருவியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறேன். கோப்பு கனம்தான், ஆனால் கோவிலில் யாரும் ஜாவா நிறுவ வேண்டியதில்லை.

காவடி சமயத்தில் முகப்பில் மயிலிறகு அசையட்டும் என்று முடிவில்லாத டைம்லைன் ஒன்று போட்டேன். பாடத்துக்குள் போன பிறகும் அது பின்னால் ஓடி, ஃபேன் அலறியது. திரையை விட்டுப் போகும்போது நாமே ஸ்டாப் சொல்ல வேண்டும், தானாக நிற்காது.

பாக்கி ஒன்று உண்டு: 'பக்ஷி'. அதில் ஒரே எழுத்தாக நிற்க வேண்டிய 'க்ஷி', 'க்', 'ஷி' என்று இரண்டாக உடைகிறது. அதற்கு மட்டும் கையால் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன்.